குற்றக் கதைகளும் இளம் வாசகரும்: ஒரு வரலாற்று நோக்கு

வளர்ந்தோருக்கென எழுதப்பட்ட குற்றக் கதைகளையும் துப்பறியும் நாவல்களையும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர் வாசிப்பது தகுமா என்பது பெற்றோராலும் ஆசிரியராலும் நூலகராலும் அடிக்கடி எழுப்பப்படும் வினாவாகும். இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் அதனைத் தம் காலத்துக்கே உரிய புதியதொரு பிரச்சினையாகக் கருதுகின்றனர். ஆனால், மலிவான அச்சும் பரவலான எழுத்தறிவும் ஒருங்கே தோன்றிய நாள்தொட்டு இவ்வினா தலைமுறைதோறும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. முந்திய தலைமுறை அஞ்சிய நூல்களைத் தீங்கற்றவை எனவும் தன் காலத்து நூல்களை நஞ்செனவும் கொள்வது ஒவ்வொரு தலைமுறைக்கும் இயல்பாகவே இருந்துள்ளது. எனவே, இன்றைய நூல் ஒன்றை எடுத்து அது தகுமா, தகாதா எனத் தீர்ப்பளிப்பதற்கு முன்னர், இவ்வச்சத்தின் வரலாற்றை நோக்குதல் பயனுடையதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவ்வச்சம் உச்சநிலை எய்தியது. அங்கு நிகழ்ந்தவை பற்றிய சான்றுகள் நிறையக் கிடைக்கின்றன.

இலண்டன் நகரில் வாழ்ந்த ஜாக் ஷெப்பேட் என்னும் திருடன் சிறையிலிருந்து நான்கு முறை தப்பியதனால் பெரும் புகழ் பெற்றவன். 1724 ஆம் ஆண்டில், தனது 22 ஆவது வயதில், அவன் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு வில்லியம் ஹரிசன் ஐன்ஸ்வேர்த் எழுதிய நாவல் 1839, 1840 ஆம் ஆண்டுகளில் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்தது. அது நாடகமாகவும் பல அரங்குகளில் நடிக்கப்பட்டது. 1840 மே மாதத்தில் வில்லியம் ரஸல் பிரபு தமது படுக்கையிலே கொலையுண்டு கிடந்தார். கொலை செய்தவன் அவருடைய பணியாளனாகிய கூர்வோசியே என்பவன். அந்நாவலே தன்னை இச்செயலுக்குத் தூண்டியதென அவன் கூறியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஐன்ஸ்வேர்த் அதனை மறுத்தார். ஆயினும், ஷெப்பேட்டின் பெயரைத் தாங்கிய புதிய நாடகங்களுக்குப் பல ஆண்டுகள் அனுமதி மறுக்கப்பட்டது. குற்றக் கதையே குற்றத்தை விளைவிக்கிறது என்ற வாதம் பொதுமக்கள் நடுவே வலுவாக வேரூன்றியமைக்கு இந்நிகழ்ச்சி ஒரு முக்கிய காரணம் எனலாம். கூர்வோசியே சிறுவனல்லன், 23 வயது இளைஞன் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் அச்சம் சிறுவரைப் பற்றியதாக இருக்கவில்லை. வேலையாட்களையும் தொழிலாளரையும் பற்றியதாகவே இருந்தது.

இதே காலப்பகுதியில், எட்டுப் பக்கங்களில், இரு பத்திகளாக நெருக்கி அச்சிடப்பட்டு, முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படத்துடன், வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் தொடர்கதைகள் வெளிவரத் தொடங்கின. எட்வேட் லொயிட் என்பவர் இத்துறையில் முன்னணிப் பதிப்பாளராக விளங்கினார். நாவிதன் சுவீனி டொட்டின் கதை முதன்முதலாக 1846, 1847 ஆம் ஆண்டுகளில் அவருடைய சஞ்சிகையொன்றிலேயே வெளிவந்தது. 1844 இல் தொடங்கிய ஜோர்ஜ் றெயினோல்ட்ஸின் 'இலண்டன் நகர மர்மங்கள்' இவ்வகைத் தொடர்களுள் பெரும் செல்வாக்குப் பெற்றது. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக நகரங்களிலே குவிந்த தொழிலாளரே இக்கதைகளின் வாசகர்கள். நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர்களுக்கு இவை பொழுதுபோக்காக அமைந்தன. றெயினோல்ட்ஸின் எழுத்திலே செல்வரின் ஊழலும் வறியோரின் அவலமும் அருகருகே வைத்துக் காட்டப்பட்டமையால், அவை ஓரளவு அரசியற் கல்வியாகவும் அமைந்தன. றெயினோல்ட்ஸ் தொழிலாளரின் வாக்குரிமைக்காகப் போராடிய சாட்டிஸ்ட் இயக்கத்தைச் சார்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நிலை 1860 ஆம் ஆண்டுகளில் மாறத் தொடங்கிற்று. 1855 இல் பத்திரிகை முத்திரை வரியும் 1861 இல் கடதாசி வரியும் நீக்கப்பட்டன. அச்சு மேலும் மலிவாயிற்று. 1870 ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், 1880 இல் கொண்டுவரப்பட்ட கட்டாய வரவும் தொழிலாளர் பிள்ளைகளை வாசகராக்கின. வளர்ந்தோருக்கென எழுந்த பென்னித் தொடர்கள் இப்போது சிறுவரை நோக்கித் திரும்பின. 1860 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பிளாக் பெஸ்' என்னும் தொடர், 1739 இல் தூக்கிலிடப்பட்ட வழிப்பறிக்காரன் டிக் டேர்ப்பினைத் தலைவனாகக் கொண்டு 254 இதழ்கள் வரை நீண்டது. இக்கதைகளுக்கு எதிரிகள் இட்ட பெயர் 'பென்னி டிரெட்ஃபுல்'. அதாவது, ஒரு பென்னிப் பயங்கரம். ஒரு பென்னி கொடுக்க இயலாத சிறுவர் பலர் கூட்டாகக் காசு சேர்த்து ஓரிதழை வாங்கினர். ஒருவன் உரக்க வாசிக்க மற்றையோர் கேட்டனர்.

இக்கதைகளைக் கண்டித்து எழுதியோர் யாவரும் கெட்ட எண்ணமுடையவர்கள் என்றோ அறியாதவர்கள் என்றோ கொள்ளுதல் தவறாகும். வறியோர் வாழ்க்கையை நேரிற் கண்டு எழுதிய ஜேம்ஸ் கிறீன்வுட் போன்றோரும் இக்கதைகளை நஞ்செனவே கண்டனர். ஆயினும், கண்டனத்தின் வர்க்க அடிப்படையைப் புறக்கணித்தல் இயலாது. செல்வர் வீட்டுச் சிறுவன் கொள்ளையர் கதையைத் தோற்கட்டு நூலாகத் தந்தையின் நூலகத்திலிருந்து எடுத்து வாசித்தபோது அது இலக்கியமாகக் கருதப்பட்டது. அதே கதையைக் கடைச் சிப்பந்தியாகிய சிறுவன் தெருமுனையிலே ஒரு பென்னிக்கு வாங்கி வாசித்தபோது அது சமூகத்துக்கு நேர்ந்த ஆபத்தாயிற்று. டிக்கன்ஸின் 'ஒலிவர் ட்விஸ்ட்' கூட, 1837 இல் தொடராக வெளிவரத் தொடங்கிய பின்னர், குற்றவாளிகளை நாயகராக்கும் நாவல் வரிசையிலே சேர்த்துக் கண்டிக்கப்பட்டது. அதுவே பிற்காலத்தில் பாடசாலைகளிற் பரிசளிக்கப்படும் நூலாயிற்று.

இவ்வச்சம் உச்சத்தை அடைந்தது 1895 ஆம் ஆண்டிலாகும். கிழக்கு இலண்டனைச் சார்ந்த பிளெய்ஸ்டோ என்னும் பகுதியிலே கூம்ஸ் என்ற குடும்பத்தினர் வாழ்ந்தனர். தந்தை கப்பற் பணியாளர். அவ்வாண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் அவர் நியூயோர்க் நகருக்குக் கடற்பயணம் மேற்கொண்டார். ஜூலை 8 ஆம் தேதி காலை, மூத்த மகனான 13 வயது ரொபேட், தாயைப் படுக்கையிலே குத்திக் கொன்றான். அன்றே அவனும் 12 வயதுத் தம்பியும் துடுப்பாட்டப் போட்டி பார்க்கச் சென்றனர். தாய் லிவர்பூலுக்குச் சென்றிருப்பதாக அயலவருக்குக் கூறி, உடல் மாடியறையிற் கிடக்க, பத்து நாள்வரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தனர். ஜூலை 17 இல் உறவினர் உள்ளே புகுந்தபோதே உண்மை வெளிப்பட்டது.

பொலிஸார் வீட்டைச் சோதனையிட்டபோது பென்னிக் கதைப் புத்தகங்கள் பலவற்றைக் கண்டெடுத்தனர். அவ்வளவே போதுமானதாயிற்று. கொலைக்குக் காரணம் கிடைத்துவிட்டதெனப் பத்திரிகைகள் எழுதின. மரண விசாரணையில் அமர்ந்த யூரர்கள், இத்தகைய இலக்கியத்தின் விற்பனையைத் தடுக்கச் சட்டமன்றம் நடவடிக்கை எடுத்தல் வேண்டுமெனத் தமது தீர்ப்புடன் சேர்த்துரைத்தனர். ஆனால், கண்டெடுக்கப்பட்டவற்றுட் பல புதையல் தேடுதல், விந்தை இயந்திரங்கள், கடற்பயணம், துப்பறிதல் ஆகியன பற்றிய கதைகளாகும். அவற்றை வாசித்த இலட்சக்கணக்கான சிறுவருள் எவரும் பிளெய்ஸ்டோச் சிறுவன் செய்ததைச் செய்யவில்லை. கண்டனம் செய்த அதே பத்திரிகைகள், இக்கொலையின் ஒவ்வொரு விவரத்தையும் நாள்தோறும் பக்கம் பக்கமாக அச்சிட்டு விற்றன என்பதும் நோக்கற்பாலது. ரொபேட் கதைகளை மட்டுமன்றி, உண்மைக் கொலை வழக்குகள் பற்றிய செய்திகளையும் ஆர்வத்துடன் வாசித்தவனாவான். செய்தித்தாளைத் தடைசெய்ய வேண்டுமென யூரர் எவரும் கேட்கவில்லை.

செப்டெம்பர் மாதத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டபோது வேறு பல செய்திகள் வெளிவந்தன. பாடசாலையிலே அவன் திறமையான மாணவன். படிப்பை முடித்தபின் கப்பல் கட்டும் தொழிலகமொன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டுச் சில நாள்களில் அதனைக் கைவிட்டவன். பிறப்பின்போது மருத்துவர் பயன்படுத்திய கருவியினால் ஏற்பட்ட தழும்பு அவனுடைய தலையிற் காணப்பட்டது. அவனுக்குக் கடும் தலைவலி இருந்தது. உணவுப் பொருளைத் திருடியமைக்காகத் தாய் தம்பியை அடித்ததாக அவன் பொலிஸாரிடம் கூறியிருந்தான். இவை யாவும் அந்நாளைய மருத்துவம் அறிந்த அளவுக்கே விளங்கிக்கொள்ளப்பட்டன. தந்தை மாதக்கணக்கில் கடலிலிருக்க, அவ்வீட்டின் நான்கு சுவர்களுக்குள்ளே தாய்க்கும் மக்களுக்குமிடையே என்ன நிகழ்ந்தது என்ற வினா பொதுமக்கள் விவாதத்திலே மிகச் சிறிய இடத்தையே பெற்றது. புத்தகக் கட்டு ஒன்று கண்முன் இருக்கும்போது, அதனைவிடக் கடினமான வினாக்களை எழுப்பவேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை. சித்த சுவாதீனமற்ற நிலையிற் கொலை செய்தான் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ரொபேட், புரோட்மூர் என்னும் மனநோயாளர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டான்.

அவனுடைய பிற்கால வாழ்க்கையை, எழுத்தாளர் கேற் சம்மர்ஸ்கேல் ஆவணங்களிலிருந்து திரட்டி 2016 இல் நூலாக வெளியிட்டார். புரோட்மூரில் ரொபேட் 17 ஆண்டுகள் வாழ்ந்தான். அங்கு தையற் தொழிலும் இசையும் பயின்றான். சதுரங்கமும் துடுப்பாட்டமும் ஆடினான். 1912 இல் விடுதலையாகி, 1914 இல் அவுஸ்திரேலியாவிற் குடியேறினான். முதலாம் உலகப் போரில் அந்நாட்டுப் படையிற் சேர்ந்து, கலிப்போலிப் போர்க்களத்திலே காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணியில் ஈடுபட்டான். வீரத்துக்கான இராணுவப் பதக்கமும் அவனுக்கு வழங்கப்பட்டது. பின்னர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரிலே தோட்டம் செய்து வாழ்ந்தபோது, தன் வீட்டிலே கொடுமைக்குள்ளான அயற்சிறுவன் ஒருவனுக்கு அடைக்கலம் அளித்து வளர்த்தான். 1949 இல் மறைந்தான். இவ்வரலாறு அவன் செய்த குற்றத்தைச் சிறிதாக்குவதன்று. ஆனால், ஒரு பென்னிக் கதையின் விளைவாக ஒரு பிள்ளை கொடியவனாயிற்று என்ற எளிய விளக்கம் அவனது வாழ்க்கையின் எப்பகுதியையும் விளக்கப் போதுமானதன்று என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது. அடிபட்ட சிறுவனொருவனை அந்த அயலவர்களுள் இனங்கண்டு காத்தவன், ஒருகாலத்தில் எவராலும் இனங்காணப்படாத ஒரு சிறுவனே.

பென்னிக் கதைகளை அழிப்பதற்கு வேறு முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டன. சமயச் சார்பான சங்கமொன்று 1879 இல் 'பொய்ஸ் ஓன் பேப்பர்' என்ற சஞ்சிகையைத் தொடங்கியது. தடைசெய்வதை விடுத்து, நல்லதொன்றை அதே விலையிற் கொடுப்பது அதன் நோக்கம். 1893 இல் அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் அரைப் பென்னிச் சஞ்சிகையொன்றைத் தொடங்கி, பென்னிக் கதைகளை ஒழிப்பதாகப் பறைசாற்றினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அதில் செக்ஸ்டன் பிளேக் என்னும் துப்பறிவாளன் தோன்றினான். விலையும் பெயரும் மாறின. குற்றக் கதை மட்டும் மாறவில்லை. எனினும், ஒரு மாற்றம் நிகழ்ந்தது உண்மையே. கொள்ளைக்காரன் நாயகனாக இருந்த இடத்தைத் துப்பறிவோன் பெற்றான். 1901 இல் ஜி. கே. செஸ்டர்ரன், பென்னிக் கதைகளுக்குச் சார்பாக ஒரு கட்டுரை எழுதி, எளிய மக்களின் கற்பனைத் தேவையைக் குற்றமாகக் காணும் படித்தோரின் மனப்பான்மையைச் சாடினார். அவரே பின்னர், பாதிரியார் பிரவுண் என்னும் துப்பறிவாளரைப் படைத்து, குற்றவாளியையும் மனிதனாகக் காணும் கதைகளை எழுதினார்.

அரை நூற்றாண்டு கழிந்து இதே வழக்கு அமெரிக்காவிலே மீண்டும் விசாரணைக்கு வந்தது. இம்முறை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவை குற்றச் சித்திரக் கதைகளாகும். 1942 இல் தொடங்கிய 'குற்றம் பயன் தராது' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட சித்திரக் கதை பெருவிற்பனை கண்டதைத் தொடர்ந்து, அதனைப் பின்பற்றிப் பல வெளிவந்தன. அவற்றை வாங்கியோருள் வளர்ந்தோரும் பலர், சிறுவரும் பலர். உளமருத்துவர் பிரடெறிக் வேர்த்தம், இச்சித்திரக் கதைகளே இளங்குற்றவாளிகளை உருவாக்குகின்றன என வாதிட்டு 1954 இல் ஒரு நூலை வெளியிட்டார். வேர்த்தம் பிற்போக்காளரல்லர். 1946 இல் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியிலே கறுப்பின மக்களுக்கென மலிவான உளநல நிலையமொன்றை நிறுவியவர். பாடசாலைகளில் நிலவிய நிற ஒதுக்கல் பிள்ளைகளின் உள்ளத்தைச் சிதைக்கின்றது என நீதிமன்றத்திலே சாட்சியம் அளித்தவர். பிள்ளைகள்மீது அவர் கொண்ட அக்கறை ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

1954 ஏப்ரலில் செனற் சபையின் துணைக்குழுவொன்று நியூயோர்க்கில் விசாரணை நடத்தியது. வெட்டுண்ட பெண்ணின் தலையைக் காட்டும் அட்டைப்படமொன்றை முன்வைத்துப் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் வினவப்பட்டார். அவர் அதனை நற்சுவைக்கு உட்பட்டதெனவே பேசினார். அவ்விடை நாட்டிலே அவருடைய தொழிலுக்கு எதிரான உணர்வைக் கூட்டிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் பதிப்பாளர் சங்கம் தானே ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. அது 2011 வரை ஏதோவொரு வடிவில் நிலைத்தது. கெய்ன்ஸ் தமது சஞ்சிகைகளுட் பெரும்பாலானவற்றை மூடினார்.

வேர்த்தத்தின் ஆவணங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 2010 இல் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கரல் ரில்லி, 2012 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வேர்த்தம் தாம் சந்தித்த இளைஞரின் கூற்றுக்களை மாற்றியும், பலருடைய கூற்றுக்களை ஒருவருடையவைபோல இணைத்தும், சிலவற்றை மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை எடுத்துக் காட்டினார். இதன் பாரதூரமான விளைவு நூலின் நம்பகத்தன்மை குன்றியது மட்டுமன்று. வறுமை, குடும்பச் சிதைவு, வன்முறை ஆகியன பற்றி அப்பிள்ளைகள் கூறியவை பின்தள்ளப்பட்டு, அவர்கள் வாசித்த சித்திரக் கதைகள் பற்றிய கூற்றுக்களே முன்னிறுத்தப்பட்டன. பிள்ளைகளுக்காகப் பேச முனைந்த ஒருவரே அப்பிள்ளைகளின் குரலை மறைக்க நேர்ந்தது. பிளெய்ஸ்டோ வழக்கிலே கண்ட அதே தவறு இங்கும் வேறொரு வடிவில் நிகழ்ந்தது எனலாம்.

1954 செப்டெம்பரிலே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நிகழ்ந்த விந்தையும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. இரும்புப் பற்களையுடைய இரத்தக் காட்டேரி ஒன்று இரு சிறுவரைக் கொன்று தின்றதாக எழுந்த வதந்தியை நம்பி, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கத்தியும் தடியும் ஏந்தி ஒரு மயானத்தினுள்ளே புகுந்து அதனைத் தேடினர். அமெரிக்கச் சித்திரக் கதைகளே இதற்குக் காரணம் எனப் பழிசுமத்தப்பட்டது. ஆனால், அத்தகைய காட்டேரி இடம்பெற்ற சித்திரக் கதை எதனையும் எவரும் காட்ட இயலவில்லை. இரும்புப் பற்களையுடைய மிருகம் விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் உண்டு. இரும்புப் பல் கொண்ட கிழவியைப் பற்றிய ஸ்கொத்லாந்துப் பாட்டொன்றும் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டது. அஞ்சப்பட்ட நூலிலன்றி, போற்றப்பட்ட நூல்களிலேயே அக்காட்டேரி மறைந்திருந்தது போலும். எனினும், ஆசிரியர் சங்கத்தினர், திருச்சபையினர், அமெரிக்கப் பண்பாட்டு ஊடுருவலை எதிர்த்த பொதுவுடைமைவாதிகள் எனப் பல திறத்தாரின் முயற்சியால் 1955 இல் சிறுவருக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. அதன்கீழ்த் தொடரப்பட்ட வழக்குகள் மிகச் சில.

இவற்றை நோக்குமிடத்து, குற்றக் கதைகளைப் பற்றிய கவலை முற்றிலும் ஆதாரமற்றது என்ற முடிவுக்கு வருதல் எளிது. ஆனால், அதுவும் அவசர முடிவேயாகும். வாசிப்பு குற்றவாளியை உருவாக்குகிறது என்பதை வரலாறு நிறுவவில்லை. வாசிப்பு ஒரு விளைவையும் உண்டாக்குவதில்லை என்பதையும் அது நிறுவவில்லை. நூல் மனிதனை உயர்த்தவல்லது என நம்புவோர், அதற்கு வேறெந்த ஆற்றலும் இல்லையென வாதிடுதல் முரண்பாடாகும். பதின்மூன்று வயதுப் பிள்ளை வளர்ந்தோரின் சிறு வடிவம் அன்று. உலக அனுபவமுள்ள வாசகன் ஒரு கொடுமைக் காட்சியைத் தான் கண்டும் கேட்டும் அறிந்த பலவற்றோடு ஒப்பிட்டு அதற்குரிய இடத்தில் வைக்கிறான். அத்தகைய ஒப்பீட்டுக்கு வேண்டிய அனுபவம் இளம் வாசகனிடம் இல்லாதிருக்கலாம். அவன் அதனை உலகின் பொது இயல்பாகவே எடுத்துக்கொள்ளலாம், உறக்கமிழந்து அஞ்சலாம், அல்லது மீண்டும் மீண்டும் வாசித்து உணர்ச்சியற்றுப் போகலாம். பெண்ணின் உடல்மீது இழைக்கப்படும் வன்முறையைக் கவர்ச்சிப் பொருளாக்கிய அட்டைப்படங்களைக் குறித்து வேர்த்தம் கொண்ட சினம் நியாயமானதே. அவர் அளித்த சான்று பழுதுடையது என்பதனால், அவர் எழுப்பிய வினாவும் பழுதுடையதாகிவிடாது.

எனவே, பிரச்சினை குற்றம் இடம்பெறுகிறதா என்பதன்று; குற்றம் எவ்வாறு நோக்கப்படுகிறது என்பதேயாகும். ஆதர் கொனன் டொயிலின் ஷெர்லொக் ஹோம்ஸ் 1887 இல் முதன்முதலாக வளர்ந்தோருக்கான வெளியீடொன்றிலே தோன்றினான். 1890 இல் வெளிவந்த இரண்டாவது நாவல், அவன் கொக்கெயின் மருந்தை ஊசிமூலம் ஏற்றிக்கொள்ளும் காட்சியுடன் தொடங்குகின்றது. ஆயினும், அக்கதைகள் நூறாண்டுக்கு மேலாக இளைஞரின் கைகளில் இருந்துவந்துள்ளன. சிறு தடயத்தையும் அலட்சியம் செய்யாத கவனத்தையும், முன்கூட்டியே முடிவுக்கு வராத அறிவொழுக்கத்தையும் அவர்கள் அங்கு கண்டனர். 2011 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மாவட்டப் பாடசாலைச் சபை, ஹோம்ஸின் முதலாவது நாவலை ஆறாம் வகுப்பு வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குக் கூறப்பட்ட காரணம் கொலையன்று. மோர்மன் சமயத்தவரை அந்நாவல் கொடியோராகச் சித்திரித்தமையே காரணமாகக் காட்டப்பட்டது. அம்முடிவு சரியானதா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், அது எழுப்பிய வினா பென்னிக் கதைகளின் எதிரிகள் எழுப்பிய வினாவைவிட ஆழமானது. ஒரு கொலையை வாசிப்பதனால் எச்சிறுவனும் கொலைஞனாகிவிடுவதில்லை. ஆனால், ஒரு மக்கட்கூட்டத்தினர் யாவரும் கொடியர் என்ற எண்ணம், கதையின் விறுவிறுப்பிலே மறைந்து, எதிர்ப்பின்றி இளம் உள்ளத்தினுட் புகுதல் இயலும். பல இனங்களும் சமயங்களும் அருகருகே வாழும் எந்நாட்டிலும் இதுவே கூடிய கவனத்துக்குரியதாகும்.

தடையைவிடப் படைப்பே சிறந்த விடை என்பதற்கு ஜேர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ற்னர் 1929 இல் வெளியிட்ட 'எமிலும் துப்பறிவாளரும்' சான்றாகும். இளைஞரைக் கீழ்த்தர வெளியீடுகளிலிருந்து காப்பதற்கென ஜேர்மனியில் 1926 இல் சட்டமொன்று நிறைவேறியிருந்தது. தோமஸ் மான் உள்ளிட்ட எழுத்தாளர் பலர் அதனை எதிர்த்தனர். கெஸ்ற்னரோ, பணத்தைப் பறிகொடுத்த சிறுவனொருவன் பேர்லின் நகரத் தெருக்களில் வேறு சிறுவருடன் சேர்ந்து திருடனைப் பின்தொடர்ந்து பிடிக்கும் கதையை எழுதினார். குற்றக் கதையின் விறுவிறுப்பு முழுவதும் அதில் உண்டு. அத்துடன் தோழமையும் நீதியுணர்வும் உண்டு. 1933 இல் கெஸ்ற்னரின் நூல்கள் நாற்சிகளால் எரிக்கப்பட்டன. இளைஞரைக் காத்தல் என்ற பெயரால் எழும் அதிகாரம் எங்கு போய் நிற்கும் என்பதற்கு அத்தீ ஓர் எச்சரிக்கையாகும்.

தமிழிலும் இவ்வரலாற்றின் எதிரொலி உண்டு. பிளெய்ஸ்டோ வழக்குக்கு ஓராண்டு முன்னதாக, 1894 இல், பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் பொலிஸ் நிபுணனைத் தலைவனாகக் கொண்ட துப்பறியும் கதைகளை வெளியிட்டார். அடுத்துவந்த ஆண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியார் றெயினோல்ட்ஸின் நாவல்களைத் தமிழுக்கு ஏற்பத் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் பெருந்தொகையான வாசகரைப் பெற்றனர். இலண்டன் தொழிலாளருக்கென ஒரு பென்னிக்கு விற்கப்பட்ட கதைகள், இவ்வாறு தமிழ் வாசகரின் கைகளையும் வந்தடைந்தன. இலக்கிய விமரிசகர் இந்நாவல்களைத் தரக்குறைவானவை எனத் தள்ளினர். கலைத்தரம் பற்றிய அவர்களது மதிப்பீடு பெரும்பாலும் சரியானதே. எனினும், உரைநடை நூலைத் தானே விரும்பி எடுத்து, முடிவுவரை வாசிக்கும் பழக்கத்தைப் பலருக்கு ஏற்படுத்திய பணி இந்நாவல்களுக்கு உண்டு என்பதையும் மறுத்தல் இயலாது.

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். வளர்ந்தோருக்கான குற்றக் கதை யாவும் இளம் வாசகருக்கு ஏற்றதென்றோ, யாவும் ஏலாததென்றோ பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. கொலையுண்டவரைத் துன்புற்ற ஒரு மனிதராகக் காட்டும் நூலுக்கும், வெறும் காட்சிப்பொருளாக்கும் நூலுக்குமிடையே பெரும் வேறுபாடு உண்டு. வன்முறையின் விளைவை எடுத்துரைப்பதும் அதன் நுகர்ச்சியை விற்பதும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை அட்டைப்படத்தைக் கொண்டோ வயதெல்லையைக் கொண்டோ அறிய முடியாது. பெற்றோரும் ஆசிரியரும் நூலகரும் அந்நூலைத் தாமே வாசித்தல் வேண்டும். அதன்பின் பிள்ளையுடன் அதைப் பற்றி உரையாடுதல் வேண்டும். மறைவில் வாசிக்கப்படும் நூலைப் பற்றிப் பிள்ளை எவரிடமும் வினவ முடியாது. வெளிப்படையாக வாசிக்கப்படும் நூலைப் பற்றியே வினவ முடியும். அஞ்சியதையும் விளங்காததையும் கூற முடியும்.

1895 இல் யூரர்களின் முன் இரு சான்றுகள் இருந்தன. ஒன்று கதைப் புத்தகக் கட்டு. மற்றையது ஒரு சிறுவன். முன்னதைப் பற்றி அவர்கள் நெடிது பேசினர். 1954 இலும் அதுவே நிகழ்ந்தது. ஒரு பிள்ளை குற்றக் கதைகளிலே அளவுக்கு மீறி ஆழ்ந்திருப்பதைக் காணும்போது, அவனது கையிலுள்ள நூல் எத்தகையது எனக் கேட்பது முறையே. ஆனால், அந்நூலினுள்ளே அவன் தேடுவது யாது, அது அவனுடைய வீட்டிலும் பாடசாலையிலும் கிடைக்காமற் போனது ஏன் என்ற வினாக்களையும் சேர்த்துக் கேட்காதவரை, அவ்விசாரணை முற்றுப்பெற்றதாகாது.